டப்ளின் வரைக்கும்

மரக்காணம் உப்பளத்தில் மாயவன் உப்பு வாருவதை நிறுத்திவிட்டு மறுபடியும் போனை எடுத்துப் பார்த்தார். மனைவி லூர்துமேரியிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முந்தின நாள் காலையில் அவளை மீனம்பாக்கத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்திருந்தார். துபாயில் இறங்கி வேறு விமானம் மாறி டப்ளின் போக வேண்டும். அங்கே நர்ஸ் வேலை பார்க்கும் மகள் செந்தமிழுக்கு முதல் பிள்ளை ஆறாம் மாதத்தில் தங்காமல் போயிற்று. இப்போது மறுபடியும் ஆறாம் மாதம். படுக்கையை விட்டு எழக்கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வேலைக்குப் போனபின் வீட்டில் அவள் தனி.

எட்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் என்று மருமகன் சொன்னபோது அந்த எண் மாயவனின் மனதில் நிற்கவேயில்லை. அவருக்குத் தெரிந்த நீண்ட தூரம் வேளாங்கண்ணி. அந்தப் பஸ்ஸிலேயே மேரிக்கு வாந்தி வரும். "நீ எப்டி தனியா போவே? இங்கிலீஷ்ல தண்ணி கேக்கத் தெரியுமா ஒனக்கு?" என்று கேட்டதற்கு, "தாகம் எடுத்தா கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

துபாயில் மணல் புயல், விமானங்கள் நின்றுவிட்டன, அத்தையின் போன் அணைந்திருக்கிறது என்று ராத்திரி மருமகன் சொன்னதிலிருந்து மாயவனுக்குக் கை ஓடவில்லை. "நெழல்ல போயி குந்துண்ணே" என்றாள் பக்கத்துப் பாத்தியில் இருந்த பாஞ்சாலை. அவர் குந்தவில்லை.

மதியத்துக்கு மேல் போன் அடித்தது. வீடியோவில் செந்தமிழ் படுத்திருந்தாள். பக்கத்தில், புடவைக்கு மேல் மருமகனின் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு மேரி.

"ஏங்க, வந்து சேந்துட்டேன்."

மாயவன் போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"அப்பா, அம்மா துபாய்ல இன்னா பண்ணிச்சு தெரியுமா?" என்று செந்தமிழ்தான் சொன்னாள்.

சார்ஜர் பெட்டியோடு போய்விட்டது. எல்லோரையும் உட்காரச் சொன்னார்கள். மேரி மட்டும் கவுண்டர் எதிரில் போய் நின்றாள். "எம் பொண்ணு புள்ளத்தாச்சி. நான் போவணும்." கவுண்டரில் இருந்த பெண் இங்கிலீஷில் என்னவோ சொன்னாள். மேரி தான் சொன்னதையே இன்னும் சத்தமாகத் தமிழில் சொன்னாள். காவலர்கள் வந்தார்கள். அவள் அழவுமில்லை, நகரவுமில்லை. "மரக்காணத்துலேர்ந்து வந்துகிறேன். திரும்பிப் போறதுக்கு வரல." சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு போன ஒரு பையன் சட்டென்று நின்றான். "மரக்காணமாம்மா? நான் பக்கத்துல கோட்டக்குப்பம்!"

அவன் பேர் ஃபாரிஸ். அவளுக்காக அவன் கவுண்டரில் பேசினான். புயல் அடங்கியதும் கிளம்பிய முதல் விமானத்தில் இடம் கிடைத்தது.

"அதோட வுட்டுச்சா? கைக்கொழந்தய வெச்சிகினு எவளோ ஒருத்தி அழுதுகினு இருந்தாளாம். அவளையும் இஸ்துகினு வந்து, 'இவளுக்கும் கேளுப்பா'ன்னுச்சாம்."

மாயவன் மனைவியையே பார்த்தார். எத்தனையோ வருஷம் ஒரே பாத்தியில் அவளோடு உப்பு வாரியிருக்கிறார். இவளை யாரென்று தெரியாமலே பக்கத்தில் இருந்துவிட்டோமோ என்று தோன்றியது.

"வாந்தி வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"அதுக்கெல்லாம் ஏதுங்க நேரம்! இந்த ஊரப் பாருங்க."

மேரி போனை ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஓடுகளின்மேல், தெருவின்மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் போனுக்குள்ளிருந்து வந்து உப்பளம் முழுக்கக் கேட்டது போலிருந்தது. மாயவன் சட்டென்று வானத்தை அண்ணாந்து பார்த்தார். காய்கிற வெயிலில் அவருடைய ஒரு கை, உப்புக் குவியலின் மேல் இழுத்து மூடுவதற்காகத் தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்திருந்தது.