தனக்கோடிக்கு எட்டு இடம்

தனக்கோடி அக்கா சேமித்தால் ஃபைல் காலி. சரசு சேமித்தால் இருக்கிறது. பேபி சேமித்தால் இருக்கிறது. மாரி அரைத்தூக்கத்தில் சேமித்தால்கூட இருக்கிறது. அக்கா சேமித்தால் மட்டும் ஃபைலின் தலைப்பு இருக்கும், உள்ளே ஒரு எழுத்து இருக்காது.

இது 1996-இல், கடப்பேரியில் ஒரு மாடி அறையில் நடந்தது. எங்கள் முதலாளி அரிகிருஷ்ணன் சாருக்குப் பம்மலில் பரம்பரையாக நிலம். பல்லாவரத்திலிருந்து பொத்தேரி வரை தெருத்தெருவாகக் கடை, டாக்டர், போன் நம்பர் எல்லாம் சேர்த்துத் தமிழிலேயே ஒரு டைரக்டரி போட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். நான்கு கம்ப்யூட்டர்களில் நான்கு பேர் டைப் அடிப்பார்கள். அடித்ததெல்லாம் கேபிள் வழியாக மூலையில் இருந்த ஐந்தாவது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரும். அதுதான் ஃபைல் சர்வர். அதில் ஓடிய புரோகிராம் நான் எழுதியது.

என் பெயர் சாராள். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். என் புரோகிராமில் தப்பு என்று யாராவது சொன்னால் மூக்கைத் தாண்டியும் வரும். அதனால் கோளாறு கண்ணில் பட்ட முதல் நாள் அக்காவைத்தான் பிடித்துக்கொண்டேன்.

"என்ன கீயை அமுக்கினீங்க? ஒழுங்கா ஞாபகப்படுத்திச் சொல்லுங்க."

"நீ சொல்லிக் குடுத்ததத்தான் அமுக்கனேன், சாராளு."

அக்கா அந்த மாதம்தான் சேர்ந்திருந்தார். திருநீர்மலையிலிருந்து பஸ்ஸில் வருவார். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ், தாம்பரத்தில் ஒரு வக்கீலிடம் பதினைந்து வருடம் டைப்பிஸ்ட். மற்ற மூன்று பேரும் சேர்ந்து அடிப்பதை அவர் ஒருவரே அடித்துவிடுவார். அப்படி அடித்த நான்கு நாள் வேலை காற்றில் போயிருந்தது.

மறுநாள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு விரல்கூடத் தப்பவில்லை. ஆனாலும் ஃபைல் காலி. கேபிளை மாற்றினேன். அவரை சரசுவின் இடத்துக்கு மாற்றினேன். கோளாறும் கூடவே எழுந்து போய் அங்கே உட்கார்ந்துகொண்டது. அதே கம்ப்யூட்டரில் என் பெயரைக் கொடுத்து நான் சேமித்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது.

சரசு பேபியின் காதில் "கைராசி" என்றாள். அது அக்கா காதிலும் விழுந்தது, என் காதிலும் விழுந்தது. நான் அதட்டியிருக்க வேண்டும். அதட்டவில்லை. கோளாறு என் தலைக்கு வராத வரை சரி என்று அப்போது உள்ளுக்குள் நினைத்தேன். இப்போதும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அரிகிருஷ்ணன் சார் வெள்ளிக்கிழமை குரோம்பேட்டையில் ஒரு நியூமராலஜிக்காரரைப் பார்த்துவிட்டு வந்தார்.

"பேர்லதான்மா கோளாறு கீதாம். தனம்னு சுருக்கிக்கோ. அப்பவும் சரியாவலன்னா திங்கக்கெயமலேர்ந்து வேற ஆளத்தான் பாக்கணும், தப்பா நெனச்சுக்காத."

அக்கா கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டார். பெயர் கேட்ட இடத்தில் 'தனம்' என்று அடித்து உள்ளே போனார். பத்துப் பக்கம் அடித்துச் சேமித்தார். பத்துப் பக்கமும் இருந்தது.

சார் சர்வரைப் பார்த்துக் கும்பிட்டார். எனக்குத் தலை கொதித்தது. நான் எழுதிய புரோகிராம் என் பேச்சைக் கேட்காது, குரோம்பேட்டை நியூமராலஜிக்காரர் பேச்சைக் கேட்குமா?

கொதித்தாலும் ஒன்று புரிந்தது. அவர் சொன்ன காரணம் எதுவானாலும், கோளாறு பெயரில்தான். புரோகிராமைத் திறந்து பார்த்தேன். யார் சேமிக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ள ஒரு பஃபர், அதாவது நினைவகத்தில் ஒரு சின்னப் பெட்டி வைத்திருந்தேன். சரசு, பேபி, மாரி, சாராள் என்று எழுத்தெண்ணிப் பார்த்து, மூன்றைத் தாண்டவில்லையே, எட்டு இடம் தாராளம் என்று எட்டுக் கொடுத்திருந்தேன். தனக்கோடி என்பதைத் தாளில் எழுதி எண்ணினேன். ஐந்து எழுத்து. முடிந்தது என்று காட்டும் பூஜ்யத்துக்கு ஒரு இடம். ஆக ஆறு. இரண்டு மிச்சம். மூடிவைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் வருகைப் பதிவேடு வந்தது. தேதிக்கு ஒரு வரி, ஆளுக்கு ஒரு கட்டம். அக்கா 'தனம்' என்று எழுதிவிட்டுப் பேனாவை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தார். மூடி போட்ட பிறகும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் சாப்பிடும்போது கேட்டேன். "கஷ்டமா இருக்காக்கா?"

"வூட்ல நான் அஞ்சாவது பொண்ணு. போதும்பொண்ணுன்னு பேர் வெச்சிடு, அப்பத்தான் அடுத்தது ஆம்பளப் புள்ளயா பொறக்கும்னு சொன்னாங்களாம். எங்கப்பா செங்கல் சூளைல கூலி. கையில எட்டணா இல்ல. ஆனா அவரு, என் பொண்ணு போதும்பொண்ணு இல்லன்னு சொல்லி, தனக்கோடின்னு வெச்சாரு." டப்பாவை மூடினார். "போவட்டும். ஒரு விதத்துல சவுரியம்தான். தனம்னா நாலு ஸ்ட்ரோக்ல முடிஞ்சிடுது. என் பேருக்கு எட்டு அடிக்கணும்."

சோற்றை எடுத்த என் கை பாதியில் நின்றது.

"எட்டா? அஞ்செழுத்துதானேக்கா?"

"எழுத்து அஞ்சு. அடிக்கறது எட்டு." அவர் விரல்கள் மேசைமேல் தானாகத் தட்டின. "த, ன. புள்ளி, க. கொம்பு, க, காலு. டி."

கண்ணுக்குக் 'கோ' ஒரே எழுத்து. கம்ப்யூட்டருக்குக் கொம்பு, க, கால் என்று மூன்று. பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி எண்ணிவிட்டேன். பெயர் எட்டு இடத்தையும் நிரப்பிவிட, முடிவுப் பூஜ்யத்துக்கு இடமில்லாமல் அது அடுத்த பெட்டியில் போய் விழுந்திருக்கிறது. அந்த அடுத்த பெட்டியில்தான் ஃபைலில் எவ்வளவு எழுத வேண்டும் என்ற கணக்கு இருந்தது. எழுத வேண்டியது பூஜ்யம் என்று படித்துவிட்டு, சர்வர் சொன்னதைச் செய்திருக்கிறது. கைராசியும் இல்லை, பெயர் ராசியும் இல்லை. என் கணக்குத்தான் தப்பு.

எட்டை அறுபத்துநாலாக்கினேன். அதற்கு மேல் யார் பெயர் நீண்டாலும் பெட்டிக்கு வெளியே எழுதாதே என்று ஒரு வரியும் சேர்த்தேன். மூன்று மணிக்கு சாரிடம் போய் நின்றேன்.

"தப்பு அக்கா மேல இல்ல சார். என் மேல. அவங்க பேருக்கு நான் இடம் பத்தாம வெச்சுட்டேன்."

"அதான் இப்ப நல்லா ஓடுதே. எதுக்கும்மா மறுபடியும் நோண்டுற?"

"அவங்க பேர்ல ஒரு தடவை பாருங்க சார். காலியா வந்துச்சுன்னா நான் கெளம்பிடறேன்."

கோபத்தில் வாயில் வந்துவிட்டது. அக்கா பயந்துபோயிருந்தார். "வாணாம் சாராளு" என்றார். உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எட்டு முறை தட்டினார். திரையில் 'தனக்கோடி' வந்தது. டைரக்டரியில் பழைய பெருங்களத்தூர்ப் பகுதி ஒரு பக்கம் அடித்துச் சேமித்தார். மூடித் திறந்தார்.

பக்கம் முழுதாக இருந்தது. கடைசி வரியில் ஒரு சைக்கிள் கடை நம்பர்கூட அப்படியே இருந்தது.

சார் குனிந்து அதை இரண்டு முறை படித்தார். "இன்னிக்கு நாளும் நல்ல நாள்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியது.

"மன்னிச்சிடுங்கக்கா. முதல் நாளே நான் என்னைத்தான் சந்தேகப்பட்டிருக்கணும்."

"இப்ப எத்தினி இடம் வெச்சிருக்க?"

"அறுபத்துநாலு."

"யப்பா" என்றார்.

பிறகு வருகைப் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். காலையில் எழுதிய 'ம்'மை அடித்துவிட்டு, பக்கத்தில் 'க்கோடி' என்று பெரிதாக எழுதினார். கட்டம் போதவில்லை. 'டி' கோட்டைத் தாண்டி சரசுவின் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

"இன்னாக்கா இது, என் கட்டத்துல வந்து எழுதறீங்க?" என்றாள் சரசு.

"அதுக்கு நான் இன்னா பண்றது?" என்றார் தனக்கோடி அக்கா, பேனாவை மூடியபடியே. "கட்டத்தப் பெருசா போடச் சொல்லு."