நாலு கால்

"பாம்பு! பாம்பு!" என்று நயீம் அகமது கத்தியபோது அங்கே பாம்பு எதுவும் இல்லை. உப்புத் தோல் அடுக்கின் அடியிலிருந்து ஓர் அரணை, எண்ணெய் தடவிய வெண்கலம்போல் மினுங்கிக்கொண்டு, தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பேரணாம்பட்டில் தோல் பதனிடும் அந்த ஷாப்பில் எல்லோரையும் சிரிக்க வைக்கும் பொறுப்பை நயீம் முப்பது வருஷமாகத் தானே எடுத்துச் சுமந்துவந்தார். அதற்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை. தோலை உதறி உப்பை உதிர்த்துக்கொண்டிருந்த கண்ணம்மாள் அலறி ஓடினாள். ஈரத் தரையில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். எலும்பு முறிந்த சத்தம் நாலு பேருக்குக் கேட்டது.

"என் கண்ணுக்குப் பாம்பாத்தான் தெரிஞ்சிது" என்று எல்லோரிடமும் சொன்னார் நயீம்.

கல்லூரியில் விலங்கியல் படிக்கும் மகள் ஹீனா அதை நம்பினாள். "அரணையில எவ்ளோ வகை இருக்குது தெரியுமாப்பா? சிலதுக்கு இத்துனூண்டு கால், சிலதுக்குக் காலே கிடையாது. பாத்தா பாம்புன்னுதான் நினைப்பாங்க."

அன்றிலிருந்து நயீமின் அரணைக்குக் கால்கள் உதிர்ந்துபோயின.

வெள்ளிக்கிழமைதோறும் தொழுகை முடிந்ததும் ஒரு பை சாத்துக்குடியோடு கண்ணம்மாள் வீட்டுக்குப் போவார்.

"கோபமாக்கா?"

"அதெல்லாம் இல்ல பாய். டீ குடிங்க."

நாலு மாதம் இப்படியே போனது. கட்டுப் பிரித்தும் அவள் விரல்கள் மடங்கவில்லை. ஷாப்பில் அவள் இடத்தில் வேறொருத்தி தோல் உதறினாள். கடைசியாகப் போன வெள்ளிக்கிழமைதான் மூலையில் அந்தக் கூடையைப் பார்த்தார். போன வாரத்துச் சாத்துக்குடி, அதற்கு முந்தின வாரத்தது, எல்லாம் சுருங்கிக் கிடந்தன. ஒற்றைக் கையால் உரிக்க முடியாத பழத்தையா இத்தனை நாள் சுமந்து வந்தோம்? இப்படியொரு புத்திசாலி ஆம்பூர்வரை தேடினாலும் கிடைக்கமாட்டான்.

"அரணை கடிச்சா மரணம்பாங்க, இது கடிக்காமலே..." என்று ஆரம்பித்து, பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

கண்ணம்மாள் கேட்டாள். "பாய், அதுக்குக் கால் இருந்துச்சா?"

ஹீனாவின் பாடம் நாக்குவரை வந்தது. விழுங்கினார்.

"நாலு இருந்திச்சுக்கா. பாத்துட்டுத்தான் கத்தினேன்."

"தெரியும். விழுந்தப்போ உங்க மூஞ்சியப் பாத்தேன். சிரிச்சிக்கினு இருந்தீங்க."

நயீம் ஒரு பழத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

"இப்ப சொல்லுக்கா. கோபமா?"

"ஆமா பாய், கோபம்தான். இனிமே வராதீங்க."