உதடு கூடும் மாதம்

ரமணி அண்ணி வாயில் விழுந்த அந்த வெள்ளரிக்காய் முப்பது வருடமாகியும் வாடவே இல்லை. அமுதவள்ளி முகுந்தனை வயிற்றில் சுமந்த வருடம், தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம் சூரிய கிரகணம். வீடு நிறைய விருந்தாளிகள். கைக்கு உதவ ஆள் இல்லாததால், குனிய முடியாத எட்டாம் மாத வயிற்றோடு காலை நீட்டி உட்கார்ந்து அவளே வெள்ளரிக்காய் நறுக்கினாள். டிசம்பரில் பிள்ளை பிளந்த மேலுதட்டோடு பிறந்தான். அவள் கணவனின் அக்கா ரமணி பக்கத்து ஊரான மேருவிலிருந்து வந்து, தொட்டிலை எட்டிப் பார்த்து, "கிரகணத்துல கத்தி எடுத்தா இப்படித்தான்" என்றாள்.

உதட்டைத் தைத்தார்கள். பிள்ளை வளர்ந்தான், வேலைக்குப் போனான், கல்யாணமும் ஆகிவிட்டது. அண்ணி மட்டும் ஒரு விசேஷத்தில்கூட அந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை. அமுதவள்ளியும் எதிர்த்துப் பேசியதில்லை. அவளே அதை நம்பினாள், அதுதான் கொடுமை.

இப்போது மருமகள் உஷாராணிக்கு ஐந்தாம் மாதம். கிள்ளான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன். முகுந்தன் காரை எடுக்கும்போதே அண்ணியும் பின் சீட்டில் அமுதவள்ளி பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் யாருக்குத் தைரியம்?

டாக்டர் பெர்னிஸ் சின்ன வயசுக்காரி. கருவியை வயிற்றில் நகர்த்திக்கொண்டே திரையைக் காட்டினாள்.

"இது மூக்கு. இதோ மேலுதடு. நல்லா சேர்ந்திருக்கு. கவலப்படாதீங்க லா."

உஷாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு இருந்துச்சு டாக்டர், அதான் பயம்" என்றான் முகுந்தன்.

"இவன் அம்மா கிரகணத்துல வெள்ளரிக்கா வெட்டினா டாக்டர்," என்றாள் ரமணி. ஆள் பார்த்து, இடம் பார்த்துப் பேசுபவளா அவள்? அமுதவள்ளிக்கு உடம்பு கூசியது.

டாக்டர் சிரிக்கவில்லை. "முகம் ஒரே துண்டா வராது ஆன்டி. கருவோட தலைக்குப் பின்பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத குட்டி செல்லுங்க கூட்டமா கிளம்பும். தைப்பூசக் கூட்டத்துல குடும்பமே கையப் பிடிச்சிக்கிட்டுப் போவாங்க பாருங்க, அப்படி ஒண்ணை ஒண்ணு தொட்டுக்கிட்டே நகரும். ரெண்டு பக்கமும் முன்னால வந்து, மூக்குக்குக் கீழ சேரும். சில சமயம் ஒரு பக்கம் வந்து சேராது. பரம்பரையா இருக்கலாம். பல சமயம் காரணமே தெரியாது."

"அது எந்த மாசம்?" என்று கேட்டாள் அமுதவள்ளி.

"ரெண்டாவது மாசம் முடியிறதுக்குள்ள. அப்பத்தான் நிறைய பேருக்கு பிள்ள உண்டானதே தெரியும்."

"சேந்த பிறகு, எட்டாம் மாசத்துல, திரும்பப் பிரியுமா?"

"பிரியாது ஆன்டி."

அமுதவள்ளி கத்தியைத் தொட்ட மத்தியானத்துக்கு மாதக்கணக்கில் முன்பே, அவள் வயிற்றுக்குள் அந்தச் சின்னக் கூட்டம் நடந்து முடிந்துவிட்டிருந்தது. ஒரு பக்கம் வந்து சேரவில்லை. அவ்வளவுதான். அவள் ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சு நிறைந்துபோய் அழுகை வந்தது. அது சந்தோஷ அழுகைதான்.

அண்ணி சும்மா இருப்பாளா? "அப்ப ரெண்டாம் மாசத்துலயும் ஒரு கிரகணம் வந்திருக்கும் லா" என்றாள்.

"வந்திருந்தா நான் மசக்கையில சுருண்டு கெடந்திருப்பேன் அண்ணி. கத்தி எடுக்க எங்க தெம்பு?"

முப்பது வருடத்தில் அமுதவள்ளி அண்ணிக்குச் சொன்ன முதல் எதிர்ப்பேச்சு அதுதான். முகுந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிக்கும்போது தழும்புப் பக்கம் அவன் உதடு கொஞ்சம் மேலே ஏறும். அது கண்ணில் பட்டால் அமுதவள்ளி எப்போதும் கண்ணைத் திருப்பிக்கொள்வாள். இன்று திருப்பவில்லை. தன் பிள்ளை இவ்வளவு அழகாகச் சிரிப்பவன் என்பதை ஆசை தீரப் பார்த்துக்கொண்டே நின்றாள்.