ஆராம் ஸே

வேல்பாண்டி உட்கார்ந்திருந்தாலும் நிற்பது போலத்தான் இருக்கும். பட்டாளத்தில் புதுப் பையன்களுக்குப் பரேடு சொல்லிக்கொடுத்த ஹவில்தார் அவர். ஓய்வு பெற்று, ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் செக்யூரிட்டியாகச் சேர்ந்த பிறகும் நிமிர்த்திய நெஞ்சு இறங்கவில்லை. பஞ்சு ஏற்றி வரும் லாரி டிரைவர்கள் கேட்டில் அவரைக் கண்டதும், யாரும் சொல்லாமலே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்வார்கள். மிடுக்குக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பிடரியில் பிடித்த வலி இடுப்பு வரைக்கும் இறங்கி மனுஷனை வாட்டி எடுத்தது. தைலம், ஒத்தடம், கழுத்துப்பட்டை என்று எதற்கும் அது மசியவில்லை.

வலியைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வார். பொறுக்க முடியாதது வேறொன்று. பிரசவத்துக்குச் சோழபுரம் வீட்டுக்கு வந்திருந்த மகள் கார்த்திகா வருகிற ஞாயிற்றுக்கிழமை புருஷன் வீட்டுக்குக் கிளம்புகிறாள். பிறந்த பேத்தியோ இன்றுவரை அவர் கையில் நிலைத்து இருந்ததில்லை. தூக்கியதும் உதட்டைப் பிதுக்கும். அடுத்த நொடி தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி வீரிடும். மனைவி பரிபூரணம் ஓடி வந்து பிடுங்கிக்கொள்வாள்.

“பிள்ளையத் துப்பாக்கி மாதிரி பிடிச்சா அழாம என்ன செய்யும்? உடம்பக் கொஞ்சம் தளர விடுங்களேன்.”

“தளர்வாத்தான இருக்கேன்!”

பொய் சொல்கிற ஆள் இல்லை. அவருக்குத் தெரிந்த தளர்வு அவ்வளவுதான், பாவம்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறி, பிசியோதெரபி பார்க்கும் மாஜிதாவிடம் போனார். கார்த்திகா வயதுதான் அவளுக்கும் இருக்கும். அவர் தோளைத் தொட்டுப் பார்த்து, “எதையோ தூக்கிட்டே நிக்கிறீங்க சார். இறக்கி வைங்க” என்றாள்.

அவரும் மனசார முயன்றார். தோளை இறக்கினால் வயிறு உள்ளே இழுத்துக்கொண்டது. வயிற்றை விட்டால் தாடை இறுகியது. மாஜிதா யோசித்தாள். பட்டாளத்துக்காரரிடம் அவர் பாஷையிலேயே பேசிப் பார்ப்போம் என்று, பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பை நினைத்துக்கொண்டு, “சரி சார், ஸ்டாண்ட் அட் ஈஸ்!” என்றாள்.

டப்பென்று கால் அகன்றது. கைகள் முதுகுக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொண்டன. நெஞ்சு இன்னும் ஒரு விரற்கடை மேலே ஏறியது.

“இதுவா சார் ஈஸ்?” அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இந்தியில இதுக்கு விஸ்ராம்னு பேரு மேடம். பேருதான் ஓய்வு. ஆடக்கூடாது, அசையக்கூடாது. இதுக்குப் பொறவு ‘ஆராம் ஸே’ன்னு ஒண்ணு இருக்கு. அதச் சொன்னாத்தான் உடம்ப விடலாம்.”

“அப்போ அதையே செய்யுங்களேன்.”

“நாமளாச் செய்யக்கூடாது மேடம். ஆர்டர் வரணும்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. எத்தனை பையன்களுக்கு அந்த ஆர்டரைக் கொடுத்திருப்பார்! ஊர் திரும்பிய இத்தனை வருஷத்தில் அவருக்கு அதை யார் கொடுத்தார்கள்? மாஜிதா தன் மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தாள். அவர் உடம்பு அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

“மூச்ச நீளமா வெளிய விடுங்க. பல்லும் பல்லும் முட்ட வேண்டாம். அந்த ஆர்டர வீட்ல யாரையாவது சத்தமாச் சொல்லச் சொல்லுங்க சார். வெக்கப்படாதீங்க.”

வெட்கப்படாமல் இருக்க முடியுமா? பெண்டாட்டியிடம் போய் எனக்கு ஆர்டர் போடு என்று எந்த வாயால் கேட்பது? பேச்சுத் துணைக்குக் கால் கிலோ பால்கோவா வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தார்.

அவர் விஷயத்தைச் சொன்னதும் பரிபூரணம் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுபோனது.

“குவார்ட்டர்ஸ்ல இருந்த காலத்துல இருந்து, செத்த நேரம் உக்காருங்க, செத்த நேரம் படுங்கன்னு எம்புட்டுச் சொல்லியிருப்பேன்? ஒருநாளாவது கேட்டீகளா? நான் சொன்னதெல்லாம் ஆர்டர் இல்ல. அப்படித்தான?”

பால்கோவாப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது. அவள் கோபத்தில் நியாயம் இருந்தது, அது அவருக்கும் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. மருமகன் பைகளை ஏற்றிக்கொண்டிருந்தார். சாமான்களை எடுத்து வைக்கிற அவசரத்தில் கார்த்திகா, “அப்பா, ஒரு நிமிஷம்” என்று பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினாள். அவ்வளவுதான், தோள் ஏறிவிட்டது. பிள்ளை அவரை அண்ணாந்து பார்த்தது. உதடு பிதுங்கத் தொடங்கியது. இனி எப்போது வரப்போகிறதோ, கடைசியாகவும் அழ வைத்துத்தான் அனுப்பப்போகிறோம் என்று அவர் கண் கலங்கிவிட்டது.

“ஆராம்... ஸே!”

அடுப்படி வாசலில் பரிபூரணம் நின்றிருந்தாள். ‘ஆராம்’ நீண்டு இழுபட்டது, ‘ஸே’ வெட்டி விழுந்தது. அச்சு அசல் அவருடைய பரேடு குரல். அந்தக் காலத்தில் குவார்ட்டர்ஸ் ஜன்னலில் நின்று காலைதோறும் கேட்டது அவளுக்குள் அப்படியே இருந்திருக்கிறது.

அவர் யோசிக்கவில்லை, யோசிக்க இடமும் இல்லை. உடம்பு கேட்டது. தோள் இறங்கியது. மூச்சு நீளமாக வெளியே போனது. இத்தனை காலம் ஊருக்குக் காட்டாமல் உள்ளே இழுத்து வைத்திருந்த தொப்பை பொத்தென்று முன்னால் வந்தது. பிள்ளை அதன்மேல் சரிந்து, கன்னத்தை அவர் நெஞ்சில் வைத்து, ஒரு கொட்டாவி விட்டது. அழவில்லை. கொஞ்ச நேரத்தில் தூங்கியே போனது.

வெளியே கார் ஹாரன் அடித்தது. பையோடு ஓடி வந்த கார்த்திகா, “குடுங்கப்பா, நேரமாச்சு” என்று கையை நீட்டினாள்.

பரிபூரணம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குறுக்கே வந்து நின்றாள்.

“செத்த நேரம் இருடி. அடுத்த ஆர்டர் நான் இன்னும் குடுக்கல.”