குட்டிப் பொய்கள்

இத்தாலியில், பல்லரோ சந்தைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் டொய்னா என்ற ருமேனியக்காரி தனியாக இருந்தாள். அறுபது வயது தாண்டியவள். அவளுக்குப் பலகாரம் சுட உதவிய தமிழ்ப் பெண் அமலினி, விடியமுன் அந்த வீட்டுக்குப் போய் மாவை மெல்லிசாக உருட்டி, நாடா நாடாக வெட்டி, நடுவில் கீறி, ஒரு முனையைக் கீறலுக்குள்ளால் இழுத்துக் கொதி எண்ணெயில் போடுவாள். பொரிந்ததும் டொய்னா சீனிமா தூவிச் சந்தையில் விற்பாள்.

டொய்னா வீட்டுப் படிகளால் அமலினி இறங்கி வருவதை ஒரு காலை மாக்கிரட் கண்டாள். ஒரே தேவாலயப் பங்குக்காரி, அமலினியின் தாய்க்கு மன்னாரிலிருந்தே சினேகிதி. அடுத்த ஞாயிறு பூசை முடிவதற்குள் கதைக்குக் கால் முளைத்துவிட்டது. அமலினி யாரோ ஒரு ருமேனியனோடு இரவு தங்கிவிட்டு வருகிறாளாம். அவளைக் கட்ட இருந்த டெனிஸ்டன் ஒரு சொல் கேட்கவில்லை. கலியாணம் வேண்டாமென்று அமலினியின் தாய்க்குச் சொல்லி அனுப்பினான்.

மாக்கிரட்டிடம் நியாயம் கேட்கப் புறப்பட்ட தாயை அமலினி மறித்தாள். தனக்கு நியாயம் வேண்டாம் என்றாள்.

தவக்காலத்துக்கு முன் பங்கு மண்டபத்தில் விருந்து நடந்தது. அமலினி பெரிய தட்டு நிறையப் பலகாரத்தோடு டொய்னாவையும் கூட்டிப் போனாள். முதலில் மாக்கிரட்டுக்குத்தான் நீட்டினாள். மாக்கிரட் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, நல்ல மொறுமொறுப்பு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள்.

கேட்கட்டும் என்றுதான் அமலினி காத்திருந்தாள்.

“இத்தாலிக்காரர் இதை வம்பு எண்டு சொல்லுவினம், அன்ரி. ருமேனியாவிலை குட்டிப் பொய் எண்டு பேர். நீங்கள் என்னைப் பற்றிப் பரப்பினதுக்கு ரெண்டு பெயரும் பொருந்தும்.” டொய்னாவின் தோளில் கைவைத்தாள். “நான் இரவு தங்கின ருமேனியன் இவதான்.”

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். மாக்கிரட்டால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கிட்ட வந்து கொஞ்சம் கதைக்க வேண்டும் என்ற டெனிஸ்டனின் கையிலும் அமலினி ஒன்றை வைத்தாள்.

“திண்டிட்டுப் போங்கோ.”

மாக்கிரட் அதன்பின் ஒருவருக்கும் முகம் கொடுக்காமலிருக்க, ஆட்கள் குறைந்த காலைப் பூசைக்கு மாறினாள். அமலினியும் மாறினாள். உட்கார வாங்குகள் எவ்வளவோ வெறுமையாகக் கிடக்க, மாக்கிரட்டுக்கு நேர் பின்னால் போய் இருந்தாள். பக்கத்திலிருப்பவருக்குக் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரம் மாக்கிரட் திரும்பத்தான் வேண்டியிருந்தது. அமலினி அந்தக் கையைப் பிடித்தாள். அடுத்த செபம் தொடங்கிய பிறகும் விடவில்லை.