குப்பை போடாத வீடு

டிசம்பர் பிறந்து பத்து நாளாகியும் கிருபாவதி வீட்டு வாசலில் ஒரு பிடி குப்பைகூட விழவில்லை. வேல்விழிக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

திருத்தங்கலில் அந்த லைன் வீடுகளுக்குக் காலை ஏழு மணிக்கெல்லாம் குப்பை வண்டி வந்துவிடும். எல்லா வீட்டு வாளியும் வழியும். ஐப்பசியில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த கிருபாவதி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை ஒரு சின்னப் பையை நீட்டுவாள். கிறிஸ்துமஸ் கொண்டாடப்போகிற வீடு. கேக் டப்பா, பிளாஸ்டிக் ஸ்டார், தெர்மாகோல் என்று எதுவுமே வெளியே வராமல் எப்படி?

வெளியே வராததைக்கூட விட்டுவிடலாம். உள்ளே போவதுதான் பயமாக இருந்தது. பிரஸ்ஸில் வேலை பார்க்கும் அவள் புருஷன் தேவஆசீர், அச்சு பிசகிய காலண்டர் தாள்களைக் கட்டுக்கட்டாக பைக்கில் கொண்டுவந்தான். அது போதாதென்று தெருப்பிள்ளைகளிடம் பழைய நோட்டுகளையும் கேட்டு வாங்கினாள் கிருபாவதி. வாங்கியதும் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து சர்ர்... சர்ர்... என்று தாள் உருளும் சத்தம்.

வேல்விழிக்குத் தெரியாத சத்தமா அது? எட்டு வருஷமாகப் பட்டாசுக் கம்பெனியில் குழாய் சுற்றுகிறவள். பசை தடவி, கம்பியில் தாளைச் சுற்றி, உருட்டி, உருவி எடுக்கிற அதே தாளம். லைசென்ஸ் இல்லாமல் வீட்டுக்குள் வெடி சுற்றிய ஒரு குடும்பத்துக்குப் பக்கத்து வாசலில் நின்ற பாவத்துக்குத்தான் அவள் இடது கை முழங்கை வரை வெந்து தோல் சுருங்கிக் கிடக்கிறது. இப்போது பொதுச் சுவருக்கு இந்தப் பக்கம் கட்டில். கட்டிலில் நாலு வயது மகள் ஓவியா.

புருஷன் பாலகுருவிடம் சொன்னாள். லோடு வண்டி ஓட்டிவிட்டு வந்த அலுப்பில், ஜெபம் பண்ணுகிற குடும்பத்தைப் போய் இப்படி நினைக்கிறாயே என்று சிரித்தான் அவன்.

"வெடிமருந்துக்கு ஜெபம் பண்ணுறவுக வீடு தெரியுமா? பொறி பட்டா வெடிக்கும். அம்புட்டுத்தேன்."

அவன் சிரிப்பு நின்றது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் போலீசுக்குப் போன் பண்ணாதே, தப்பாகப் போனால் ஒரு குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்றான்.

பார்க்கத்தான் செய்தாள். குழாயடியில் கிருபாவதியின் நகங்களைப் பார்த்தாள். வெடியில் போடும் அலுமினியத் தூளான வெள்ளி மருந்தைத் தொட்டவர்களுக்கு எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் மினுமினுப்பு நிற்கும். இவள் நகம் சுத்தமாக இருந்தது. இம்புட்டுச் சுத்தமாக இருப்பானேன் என்று அதுவே இன்னொரு சந்தேகமானது.

"என்னக்கா, பகலெல்லாம் கதவு அடைச்சே கெடக்கு?"

"காத்தடிக்குதுல்ல வேலு. தாளெல்லாம் பறந்துரும்."

"எந்தத் தாளு?"

கிருபாவதி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "பண்டிகைக்குத் தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம், காய்ந்த துணியை எடுக்க மொட்டைமாடி ஏறினாள். கிருபாவதி வீட்டுக்கு மேலே ஒரு பழைய சேலை விரிந்திருந்தது. நாலு மூலையிலும் செங்கல். ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள்.

குழாய்கள். ஒரு முழ நீளத்தில், வரிசை வரிசையாக. பக்கத்தில் இரண்டு முறம். ஒன்றில் கருப்புத் தூள், மற்றதில் வெளுத்த தூள். மேலே உச்சி வெயில்.

குனிந்து, எங்காவது வெள்ளி மின்னுகிறதா என்று பார்த்தாள். அந்த மருந்தில் தண்ணீர் பட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். மின்னவில்லை. கீழே ஓடி ஓவியாவைத் தூக்கிக் கடைசி வீட்டு முருகம்மாளிடம் விட்டாள். நாலு வாளித் தண்ணீரைச் சுமந்து வந்து எல்லாவற்றின் மேலும் ஊற்றினாள். குழாய்கள் ஊறிச் சரிந்தன. போலீசைக் கூப்பிடப் போனை எடுத்தபோது படியில் செருப்புச் சத்தம்.

"வேலு... என்ன காரியம் பண்ணிட்ட?"

"கிட்ட வராதீக. இது என்ன மருந்து?"

கிருபாவதி ஊறிய குழாய்களையும் காலி வாளியையும் மாறிமாறிப் பார்த்தாள். புரிந்ததும் முகம் இருண்டது. நனைந்த வெளுத்த தூளில் ஒரு சிட்டிகை எடுத்து வேல்விழியின் உள்ளங்கையில் வைத்தாள்.

"முட்டை ஓடு. கேக்குக்கு ஒடச்சது. செடிக்குப் போட இடிச்சு வச்சேன்."

வேல்விழி மோந்து பார்த்தாள். கவிச்சி அடித்தது. கருப்பையும் மோந்தாள். காப்பிச் சக்கை.

போன வருஷம் சர்ச் தெருவில் பண்டிகை முடிந்து வீசிய பிளாஸ்டிக் ஸ்டாரும் தெர்மாகோலும் சாக்கடையை அடைத்து, நாலு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதாம். இந்த வருஷம் நாற்பது வீட்டுக்கும் தாளிலேயே ஸ்டார் கட்டித் தருவதாகக் கிருபாவதி சபையில் எழுந்து வாக்குக் கொடுத்திருக்கிறாள். ஒரு ஸ்டாருக்குப் பத்துக் குழாய். வெளியே சொல்லாததற்குக் காரணம், முந்தைய வீட்டுக்காரர் குப்பை சேர்க்கிறாள் என்று சொல்லிக் காலி பண்ண வைத்ததுதான்.

"நானூறு குழா. இன்னும் பத்து நாளுதான் கெடக்கு" என்றாள் கிருபாவதி.

வேல்விழி ஊறிய குழாய் ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

"பசை தண்ணியா இருக்குக்கா. ஓரம் தானாப் பிரியும். எங்க கம்பெனியில இத எடுக்க மாட்டாக."

"ஊத்திக் கெடுத்துட்டுக் கொறை வேற சொல்லுதியா?"

அன்று சாயங்காலம் வேல்விழி தன் குழாய் சுற்றும் கம்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்து வைக்கச் சொன்னாள். தாள்கள் பறக்காமலிருக்க அம்மிக்குழவியைத் தூக்கி மேலே வைத்தாள் கிருபாவதி. தேவஆசீர் புதுக் கட்டு ஒன்றை இறக்கினான். வேல்விழி கயிற்றை அவிழ்த்து, அடியில் இருந்த தாள் வரை கையை விட்டுத் துழாவி, விரல்களை மோந்து பார்த்தாள்.

"என்ன வாசன வருது?" என்றாள் கிருபாவதி, நிமிராமலே.

"அச்சு மை வாசன" என்று சொல்லிவிட்டு வேல்விழி பசைச் சட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.