போர்டைப் படித்த விருந்தாளி

சில்வியா வேலையை விட்ட கதை, காலை ரயிலில் பழைய சுரங்க ஊரான ஊரிகத்தில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். பெங்களூரு கார்மென்ட்ஸ் கம்பெனிக்கு இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பிக்கொண்டிருந்தவள், ஒரு நாள் தன் ஜன்னலோர சீட்டைத் துடைத்து, தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வரும் மனோகருக்குக் காட்டி, "இனிமே இது உங்க சொத்துண்ணா, அனுபவிங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். மனோகர் அதை விளையாட்டு என்று நினைத்தார். மறுநாள் அவள் வரவில்லை.

எல்லாம் அதே ரயிலில் போகும் பக்கத்து வீட்டுக் கிரண் செய்துகொடுத்த வெப்சைட்டால் வந்தது. சில்வியா சர்ச் கல்யாணத்துக்குக் கவுன் தைப்பாள். கோலார் பக்கம் யார் போனில் கல்யாண கவுன் என்று தேடினாலும் முதலில் வந்து நிற்பது அவள் பெயர்தான். பங்காருபேட்டையிலிருந்தும் ஒயிட்ஃபீல்டிலிருந்தும் மணப்பெண்கள் அம்மாவையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் அவள் வீட்டைத் தேடி வந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் வெப்சைட்டை வைத்திருந்த ஹோஸ்டிங் கம்பெனி, கடையை மூடுகிறோம், உங்கள் சாமானை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மெயில் அனுப்பியது.

"இடம் மாத்தினா கூகுளுக்கு நம்ம வீடு தெரியுமாப்பா?" என்று சில்வியா கேட்டாள். வாயில் குண்டூசிகள் இருந்ததால் கேள்வி பாதிதான் வெளியே வந்தது.

கிரண் பெங்களூருவில் இதே வேலைக்குத்தான் சம்பளம் வாங்குகிறான். "நம்ம லைன்ல வீடு மாறுறவங்க இன்னா பண்ணுவாங்க? பழைய கதவுல சாக்பீஸால புது வீட்டு நம்பரை எழுதிட்டுப் போவாங்க. போஸ்ட்மேன் பார்த்துட்டு அங்க வந்துடுவாரு. அதையேதான்க்கா பண்ணப் போறேன்."

"மழை வந்தா அழிஞ்சிடுமே."

"இது அழியாத சாக்பீஸ்."

சொன்னபடியே செய்தான். படங்கள், பக்கங்கள், மணப்பெண்கள் எழுதிய பாராட்டுகள் எல்லாவற்றையும் புது இடத்துக்கு நகலெடுத்தான். அங்கே யாருக்கும் தெரியாமல் வைத்துச் சரிபார்த்தான். முகவரி மாறிய ஒவ்வொரு பக்கத்துக்கும், 'நிரந்தரமாக இங்கே போய்விட்டது' என்று பழைய முகவரியில் எழுதி வைத்தான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வெப்சைட்டின் பெயரைப் புது இடத்துக்குத் திருப்பிவிட்டான். தளம் முன்னைவிட வேகமாகத் திறந்தது. சில்வியா மட்டன் பஃப் வாங்கிக் கொடுத்தாள்.

பஃப் ருசி மறப்பதற்குள் போன் ஓய்ந்தது.

முதல் இடம் மூன்றாம் இடமானது. அப்புறம் இரண்டாம் பக்கம், அப்புறம் ஐந்தாம் பக்கம். காலை ரயிலில் மனோகருக்கு இது ஒரு பொழுதுபோக்கு ஆகிவிட்டது. சுரங்கத்துக்குள் ஆட்களை இறக்கும் கூண்டான கேஜை வைத்தே கேட்பார்.

"இன்னா கிரண், கேஜ் இன்னிக்கு எந்த லெவல்ல கீது?"

"ஆறாவது பக்கம்ண்ணா."

"அதுக்கும் கீழ போனா சூடு தாங்காதுப்பா. தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போ."

கிரணும் சிரித்தான். ஆனால் ஜோலார்பேட்டை ரயிலுக்கு வழிவிட்டு வண்டி நின்ற நேரத்தில்கூட லேப்டாப்பைத் திறந்து, சாக்பீஸ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்த்தான். எல்லாம் சரியான வாசலுக்கே கொண்டுபோய் விட்டன. தப்பு எங்கே என்று பிடிபடவில்லை.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் சில்வியா தன் பழைய கம்பெனி அடையாள அட்டையின் கயிற்றைத் துவைத்துக் காயப் போட்டிருந்ததை அவன் பார்த்தான். கொடியில் நீலமாகத் தொங்கியது.

"சூப்பர்வைசர் போன் பண்ணாரு," என்றாள் அவள். "திங்கக்கிழமை வர்றதுன்னா மெஷின் காலியா கீதாம். நாளைக்கு ராத்திரிக்குள்ள சொல்லணும்."

சில்வியா மறுபடி அந்த ரயிலில் ஏறினால், மனோகர் ஜன்னலோரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். அதை நினைக்கப் பிடிக்காமல் கிரண் மறுபடி லேப்டாப்பைத் திறந்தான்.

சனிக்கிழமை ஒரு வாடிக்கையாளர் வருவதாக இருந்தது. போன வருஷம் கவுன் வாங்கிய பெண்ணிடம் நம்பர் கேட்டு வாங்கிய அனில், தங்கை கவுனுக்கு அளவு ஜாக்கெட்டோடு பெங்களூருவிலிருந்து காரில் வந்தான். பதினொரு மணிக்கு வரவேண்டியவன், இவர்கள் சாப்பிட உட்காரும் நேரத்தில் வியர்த்துப்போய் வாசலில் நின்றான்.

"சாரி மேடம், ஸ்வல்ப லேட் ஆயிடுச்சு. மெயின் ரோட்ல திரும்பினேன். அங்க 'உள்ளே நுழையாதே'ன்னு போர்டு. அதனால மாரிகுப்பம் வரைக்கும் போய்ச் சுத்தி வந்தேன்."

"எந்த போர்டு?" என்றாள் சில்வியா.

"பெருசா, செவப்பு எழுத்துல."

சில்வியா கிரணைப் பார்த்தாள். கிரண் சில்வியாவைப் பார்த்தான். சுரங்கம் நடந்த காலத்தில் தங்கக் கல் அரைத்த மில்லுக்கு வைத்த பலகை அது. மில்லும் போய், வேலியும் போய், பலகை மட்டும் நிற்கிறது. அதைத் தாண்டித்தான் பால் வண்டி வருகிறது, பள்ளிக்கூட ஆட்டோ வருகிறது. கிரண் தினமும் அதை ஒட்டித்தான் ஸ்டேஷனுக்கு நடக்கிறான்.

"அதைப் போய் யாருங்க படிப்பாங்க!" என்று சில்வியா சிரிக்க ஆரம்பித்தாள். அனிலும் அசடு வழியச் சிரித்தான். "நான் வெளியூர் மேடம். போர்டு போட்டிருந்தா திரும்பிடுவேன்."

கிரணும் சிரித்துக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் சிரிப்பு நின்றது.

லேப்டாப்பை இழுத்துத் திறந்தான். தளத்தை நிர்வகிக்கும் பக்கத்தின் உச்சியில் ஒரு மஞ்சள் பட்டை இருந்தது. நேற்றும் இருந்தது, முந்தாநாளும் இருந்தது. 'தேடுபொறிகள் இத்தளத்துக்குள் வரவேண்டாம் என்று அமைக்கப்பட்டுள்ளது.' புது இடத்தில் சரிபார்த்தபோது, அரைகுறை வேலையைக் கூகுள் பார்த்துவிடக் கூடாதென்று அவனே மாட்டிய பலகை. வேலை முடிந்ததும் கழற்றவில்லை. மூடிய சுரங்க ஷாஃப்டுகளுக்கும் இடிந்த ஸ்டோர்களுக்கும் நடுவே, இப்படிப்பட்ட பலகைகளைக் கடந்தே வளர்ந்த கண்கள் அவனுடையவை. இதையும் கடந்து போய்விட்டன.

"இன்னாப்பா, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?"

"கூகுளும் வெளியூர்க்காரன்க்கா," என்றான் கிரண். "நம்ம வாசல் வரைக்கும் வந்திருக்கான். போர்டைப் படிச்சிட்டுத் திரும்பிப் போயிட்டான்."

அந்தத் தடையை எடுத்துவிட்டான். ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி வந்து பார்க்கும்படி கூகுளுக்கு வேண்டுகோள் அனுப்பினான்.

"நாளைக்கே வந்துடுமா?"

"சொல்ல முடியாதுக்கா. கொஞ்ச நாள் ஆகலாம். பழைய இடம் கிடைக்கும்னு நம்புறேன், ஆனா என்னால சத்தியம் பண்ண முடியாது."

சில்வியா அனிலின் தங்கை ஜாக்கெட்டை மடியில் விரித்து, அளவு நாடாவை எடுத்தாள். தோள், மார்பு, இடுப்பு என்று அளந்தாள். பிறகு எழுந்துபோய்ச் சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள்.

"சார், அந்த மெஷினை வேற யாருக்காவது கொடுத்துடுங்க."

அடுத்த வாரம் ரயிலில் மனோகர் தன் போனைச் சுரங்கத் தொப்பி விளக்கு மாதிரி நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டார். "நாலாவது பக்கம். கேஜ் மேல வருதுப்பா." இரண்டாம் பக்கம் வந்த அன்று பெட்டியில் எல்லோருக்கும் கடலை வாங்கிக் கொடுத்தார். ஜன்னலோர சீட் தப்பித்த சந்தோஷம் அவருக்கு.

அதற்கப்புறம் ஒரு சாயந்திரம் கிரண் ஸ்டேஷனிலிருந்து அந்தச் சிவப்பு எழுத்துப் பலகையை ஒட்டி நடந்து வந்தான். வழக்கத்துக்கு மாறாக நின்று, அதை முழுவதும் ஒரு முறை படித்தான். சில்வியாவின் வீட்டை நெருங்கும்போது கொடியில் அடையாள அட்டைக் கயிறு இல்லை. உள்ளே தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சில்வியா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருக்கோ வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"மெயின் ரோட்ல திரும்பினதும் ஒரு போர்டு வரும், மேடம். அதைப் படிக்காதீங்க. நேரா வாங்க."